டோப்ஷினாவில் 2,700 கையெழுத்து

2002 மார்ச் 20 அன்று கிழக்கு ஸ்லோவாக்கியாவில் உள்ள டோப்ஷினா என்ற சிறு நகரத்தின் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. அதன் எண் 251. ஊரின் ரோமா மக்களுக்கு (தமிழில் 'ஜிப்சி' என்று எழுதப்படுகிறவர்கள்) குறைந்த செலவில் வீடு கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறோம், அரசு நிதியிலிருந்து பணம் பெறுவதற்கான திட்ட அறிக்கையை மேயர் தயாரிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நாலரை மாதம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, அதே கவுன்சில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழவில்லை.

நடுவில் பணம் தீர்ந்துபோகவில்லை, நிலம் கிடைக்காமல் போகவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு மனு எழுதி, சுமார் 2,700 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

பின்னால் ஐ.நா. குழு வரை போன இந்த வழக்கை ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ரோமா மக்களின் வீட்டுப் பிரச்சினை என்றதும் புல்டோசர், போலீஸ், தீ வைப்பு என்றுதான் செய்தி வரும். டோப்ஷினாவில் இவை எதுவும் இல்லை. மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை. மனுவைப் பரிசீலிப்பது கவுன்சிலின் கடமை. வாக்கெடுப்பு முறைப்படி நடந்தது. ஜனநாயகத்தில் என்னென்ன கருவிகள் உண்டோ அத்தனையும் எடுத்துப் பயன்படுத்தப்பட்டன. அதன் முடிவில் ஒரு சமூகம் குடிசையிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

ஊரும் ஒசாடாவும்

டோப்ஷினா பழைய சுரங்க நகரம். ஜெர்மானியக் குடியேறிகள் வளர்த்தது. இரும்பு, செம்பு, கோபால்ட், நிக்கல் எல்லாம் இங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். இன்று வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிவது பனிக் குகையால்தான். 1870இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகைக்கு 1887லேயே மின்விளக்கு போட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் மின்விளக்கு கண்ட முதல் குகைகளில் அதுவும் ஒன்று. 2000இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

தீர்மானம் வந்த நேரத்தில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 5,000. அதில் ஏறக்குறைய 1,800 பேர் ரோமா. வழக்கு ஆவணங்கள் அவர்கள் இருந்த நிலையை இப்படிச் சொல்கின்றன: பெரும்பாலானவை கூரைக் குடிசைகள் அல்லது அட்டையால் ஆன வீடுகள், குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை, சாக்கடை வசதி இல்லை. குகைக்கு விளக்கு வந்து நூறு வருஷத்துக்கும் மேலாகியிருந்தது என்பதை ஓர் ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஊரை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் குடியிருப்புக்கு ஸ்லோவாக் மொழியில் 'ஒசாடா' என்று பெயர். ரோமாக்கள் இயல்பாகவே ஒதுங்கி வாழ விரும்புகிறவர்கள் என்று அங்கே அடிக்கடி சொல்வார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1941 ஏப்ரல் 20 அன்று, நாஜி ஆதரவு ஸ்லோவாக் அரசின் உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. பொதுச் சாலைகளை ஒட்டியிருக்கும் ரோமா வீடுகளை அகற்றி, ஊரிலிருந்து விலகி, நகராட்சி காட்டும் இடத்தில் அவர்களைக் குடிவைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. இன்று ஓடைக்கு அப்பாலும் காட்டோரத்திலும் பார்க்கிற ஒசாடாக்கள் பலவற்றுக்கு அந்த ஆணையே வரைபடம்.

கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு எதிர்த்திசையில் இழுத்தார்கள். 1958இல் நாடோடி வாழ்க்கையைத் தடைசெய்யும் சட்டம். 1965இல் ரோமாக்களைக் கலைத்து, ஒரு பகுதியினரைச் செக் பகுதிக்கு அனுப்பும் திட்டம். இரண்டிலும் அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஆனால் வேலை இருந்தது: கட்டுமானம், சுரங்கம், கூட்டுறவுப் பண்ணை. 1989க்குப் பிறகு அந்த வேலைகள் போயின, முதலில் போனது இவர்களுடையது. வீட்டு நிலத்துக்குப் பட்டா கிடையாது. குடிசை நிற்கும் இடம் நகராட்சிக்கோ வேறு யாருக்கோ சொந்தம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'ஜிப்சி' என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஸ்லோவாக்கில் அதற்கு நிகரான 'ட்சிகான்' என்ற சொல்லை அவர்களில் பலர் வசையாகவே கேட்கிறார்கள். அவர்கள் மொழி ரோமானி, இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீருக்குப் 'பானி', இரண்டுக்கு 'துய்', மூன்றுக்கு 'த்ரின்'. வட இந்தியாவிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கு முன் கிளம்பியவர்கள் என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி. மேற்படி மனுவில் இருந்தது 'ரோமா' என்ற சொல் அல்ல.

மனுவின் ஒரு வாக்கியம்

தீர்மானம் வந்ததும் ஐந்து பேர் கொண்ட மனுக் குழு ஒன்று உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் 'உண்மையான ஸ்லோவாக் தேசியக் கட்சி'யின் டோப்ஷினா கிளைத் தலைவர். மனு நீளமானதல்ல. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"டோப்ஷினா எல்லைக்குள் ஜிப்சி வம்சத்தினருக்குக் குறைந்த செலவு வீடுகள் கட்டுவதை நான் ஏற்கவில்லை. கட்டினால், சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பிற மாவட்டங்கள், வட்டாரங்களிலிருந்தும்கூட, ஒத்துப்போகாத ஜிப்சி வம்சத்தினர் இங்கே வந்து குவிந்துவிடுவார்கள்."

'ஒத்துப்போகாத' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்லோவாக்கில் 'நெப்ரிஸ்போசோபிவி'. அங்கே நகராட்சி அறிக்கை, தேர்தல் சுவரொட்டி, பேருந்து நிறுத்தப் பேச்சு எல்லாவற்றிலும் புழங்கும் சொல். இனத்தின் பெயரைச் சொல்லாமலே யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் புரிய வைக்கும் சௌகரியம் அதில் உண்டு. இந்த மனு அந்தச் சௌகரியத்தைக்கூடப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அடைமொழியையும் வம்சத்தையும் சேர்த்தே எழுதிவிட்டது. பின்னால் வழக்கறிஞர்களுக்கு இது உதவியது.

வாக்கியத்தின் தர்க்கத்தையும் கவனியுங்கள். வீடு யாருக்கு? ஏற்கெனவே டோப்ஷினாவில் வாழும் 1,800 பேருக்கு. பயம் யாரைப் பற்றி? இன்னும் வராதவர்களைப் பற்றி. இருப்பவர்களுக்குச் செய்தால் இல்லாதவர்கள் வருவார்கள் என்ற இந்த வாதத்துக்கு உலகத்தில் எந்த ஊரிலும் ஆதாரம் கேட்டதாகத் தெரியவில்லை.

மனு ஜூலை 30 அன்று கவுன்சிலில் சேர்க்கப்பட்டது. ஆறே நாளில் முடிவு. கவுன்சில் 251ஆம் தீர்மானத்தை ரத்து செய்து, 288 என்ற புதிய தீர்மானம் போட்டது. அதில் மனுவின் பெயர் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருந்தது. பதிலுக்கு நகராட்சி வேறொரு யோசனை தயாரித்து, அதைப் பொதுக்கூட்டத்தில் வைத்துப் பேசட்டும் என்றது. வீடு, நிதி, திட்ட அறிக்கை என்று இருந்த இடத்தில் யோசனை, கூட்டம், பேச்சு.

நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செப்டம்பர் 20, 21 தேதிகளில் ஸ்லோவாக்கியாவில் நாடாளுமன்றத் தேர்தல். டிசம்பர் 6, 7 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல். மனுவை நடத்தியவரின் கட்சி, ஸ்லோவாக் தேசியக் கட்சியிலிருந்து பிரிந்து வந்த புதுக் கட்சி. முதல் தேர்தலுக்கு நின்றுகொண்டிருந்தது. தேர்தலில் அதற்குக் கிடைத்தது 3.65 சதவீதம், 5 சதவீத வரம்பைத் தாண்டவில்லை. மனுவுக்கும் தேர்தலுக்கும் முடிச்சுப் போட்டு யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் நான்கு மாதத்தில் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டிய கவுன்சிலர், 5,000 பேர் ஊரில் 2,700 கையெழுத்தைப் பார்த்தால் என்ன கணக்குப் போடுவார் என்று புரிந்துகொள்ள வழக்கறிஞர் தேவையில்லை.

பணம் தலைநகரில், கதவு ஊரில்

இந்த இடத்தில்தான் விஷயத்தின் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். 1990இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஸ்லோவாக் நகராட்சிகளுக்குப் பெரிய தன்னாட்சி கொடுத்தது. நல்ல நோக்கம்தான்; நாற்பது வருஷம் எல்லாவற்றையும் மேலிருந்து உத்தரவிட்ட ஆட்சிக்கு அது மாற்று. ஆனால் குறைந்த வருமானக்காரர்களுக்கான வீட்டு மானியம் தலைநகர் பிராடிஸ்லாவாவில் இருக்க, அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியது நகராட்சி. நிலம் ஒதுக்க வேண்டியதும் நகராட்சி. குடிசையில் இருப்பவர் நேராக அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போட முடியாது. ஆக, நாட்டின் கொள்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பக்கத்துத் தெருக்காரர் வேண்டாம் என்றால் வீடு இல்லை.

அதே பக்கத்துத் தெருக்காரருக்குக் கவுன்சிலில் பெரும்பான்மை. ரோமாக்களுக்கும் ஓட்டு உண்டு, அவர்களை யாரும் வாக்குச்சாவடியில் தடுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் சமூகம் ஏன் ஒரு குரலைக்கூட அந்த ஆகஸ்ட் வாக்கெடுப்பில் எழுப்ப முடியவில்லை?

போஸ்னியாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்தோடு வந்த அரசியல் சட்டம், போஸ்னியாக், செர்பியர், குரோவாத்தியர் என்ற மூன்று இனத்தார் மட்டுமே அதிபர் குழுவுக்கும் மேல்சபைக்கும் போட்டியிடலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. ரோமா சமூகத்தைச் சேர்ந்த டெர்வோ செய்டிச்சும் யூதரான யாகோப் ஃபின்ட்சியும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 2009 டிசம்பர் 22இல் வென்றார்கள். அந்தக் கதவு சட்டத்தாலேயே பூட்டப்பட்டது, அதனால் பூட்டைச் சுட்டிக்காட்ட முடிந்தது. டோப்ஷினாவில் கதவு திறந்துதான் கிடந்தது.

திறந்த கதவுக்குள் போகாததற்குக் காரணங்கள் பல. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தங்களை ரோமா என்று பதிவு செய்துகொள்ளவே மக்கள் தயங்கினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரோமா என்று எழுதிக்கொண்டவர்கள் 1,05,738. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஊர் ஊராகப் போய்த் தயாரித்த ரோமா சமூகங்களின் அட்லஸ், 4 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. நாலில் மூன்று பேர் தங்கள் பெயரைத் தாங்களே எழுதாத இடத்தில் கட்சி எப்படி வளரும், தொகுதி எப்படி உருவாகும்? சுதந்திர ஸ்லோவாக்கியாவின் நாடாளுமன்றத்துக்கு ரோமா ஒருவர், பீட்டர் போலாக், தேர்ந்தெடுக்கப்பட்டது 2012இல். நாடு பிறந்து 19 வருஷம் ஆகியிருந்தது.

ரோஷ்ன்யாவாவிலிருந்து ஜெனீவா

டோப்ஷினாவின் ரோமாக்கள் 27 பேர் வழக்குக்கு முன்வந்தார்கள். புடாபெஸ்டில் இருந்த ஐரோப்பிய ரோமா உரிமை மையமும் உள்ளூர் மனித உரிமை அமைப்பு ஒன்றும் அவர்களுக்காக வாதாடின.

முதலில் ரோஷ்ன்யாவா மாவட்ட அரசு வழக்கறிஞரிடம் போனார்கள். மனுவை எழுதியவர்கள்மீது விசாரணை வேண்டும் என்று 2002 செப்டம்பரில் கேட்டார்கள். இது எங்கள் அதிகார வரம்பில் இல்லை என்று நவம்பரில் பதில் வந்தது. அப்புறம் அரசியல் சட்ட நீதிமன்றம். 2003 பிப்ரவரி 5 அன்று, மூடிய அறையில் கூடிய அமர்வு வழக்கைத் தள்ளியது. மனுவும் சரி, தீர்மானமும் சரி, சட்ட விளைவு உள்ள செயல்கள் அல்ல. மனு கொடுக்கும் உரிமை அதன் உள்ளடக்கம் எதுவானாலும் குடிமகனுக்கு உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டதற்குச் சான்று இல்லை. நாட்டில் விரிவான பாகுபாட்டுத் தடைச் சட்டமும் அப்போது கிடையாது. அது 2004இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த வருஷத்தில், ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

மிச்சமிருந்தது ஜெனீவாவில் கூடும் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு. அந்தக் குழுவுக்கு ஸ்லோவாக்கியா புதிதல்ல. 2000 ஆகஸ்ட் 8 அன்று, அன்னா கோப்டோவா என்ற ரோமா பெண் தொடுத்த வழக்கில் ஏற்கெனவே ஒரு முடிவு சொல்லியிருந்தது. அந்தக் கதை இன்னும் பச்சையானது. கூட்டுறவுப் பண்ணை வேலைக்குப் போய், வேலை போனதும் திரும்பிவந்த ஏழு ரோமா குடும்பங்கள். அவர்கள் தங்கள் எல்லைக்குள் குடியேறக் கூடாது என்று ரோகிடோவ்ட்சே, நாகோவ் என்ற இரண்டு கிராமங்களும் 1997இல் தீர்மானமே போட்டன. அந்தக் குடும்பங்கள் பதிவுப்படி நிரந்தரமாக வசித்தது அந்தக் கிராமங்களில்தான் என்பது இதில் வேடிக்கை. வழக்கு ஜெனீவாவில் நிலுவையில் இருக்கும்போதே, 1999இல், கிராமங்கள் தீர்மானங்களை விலக்கிக்கொண்டன. குழு அதோடு விட்டுவிடாமல், நடமாடவும் குடியிருக்கவும் உள்ள உரிமை மீறப்பட்டது என்று பதிவு செய்தது.

டோப்ஷினா வழக்கு அதைவிடச் சிக்கல். இங்கே யாரும் யாரையும் துரத்தவில்லை. செய்வதாகச் சொன்னதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். ஸ்லோவாக் அரசு பிடித்துக்கொண்ட வாதமும் இதுவே. முதல் தீர்மானம் யாருக்கும் வீட்டு உரிமை எதையும் கொடுத்துவிடவில்லை. நீண்ட கொள்கை நடைமுறையில் அது ஒரு படி மட்டுமே. கொடுக்காத உரிமையை ரத்து செய்தது எப்படி மீறலாகும்?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நான் முதலில் இந்த ஆவணத்தைப் படித்தபோது, குழு இதற்கு எப்படிப் பதில் சொல்லப்போகிறது என்று பார்க்கத்தான் அடுத்த பக்கத்துக்கே போனேன்.

2005 மார்ச் 7 அன்று வந்த முடிவு மூன்று கட்டமாக நகர்கிறது. முதலாவது, நகராட்சிக் கவுன்சிலின் தீர்மானம் அரசின் செயல்தான். ஊர் செய்ததற்கு நாடு பொறுப்பல்ல என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மனு இனத்தை வைத்தே எழுதப்பட்டது. கவுன்சிலும் அதை அப்படித்தான் புரிந்துகொண்டது. முதல் தீர்மானத்தை ரத்து செய்ததற்கு ஒரே காரணம் அதுவாக இல்லாவிட்டாலும் முதன்மைக் காரணம் அதுதான். 288ஆம் தீர்மானத்தில் இனப்பெயர் தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இங்கே போய்விட்டது. ரத்துக்கு மேற்கோள் காட்டிய மனுவிலேயே அது இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். இன்றைய சமூகத்தில் வீட்டுரிமை போன்றவை ஒரே நாளில் யாருக்கும் கிடைத்துவிடுவதில்லை; நிர்வாக முடிவு, கொள்கை முடிவு என்று படிப்படியாகத்தான் வரும். கடைசிப் படியில் மட்டும் பாகுபாடு கூடாது, அதற்கு முந்தைய படிகளில் என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்றால் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் நோக்கமே அடிபட்டுப்போகும், அது வடிவத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளடக்கத்தை விடுவதாகும் என்றது குழு. முக்கியமான முதல் படியை எடுத்து வைத்து, இனக் காரணத்துக்காக அதைத் திரும்ப எடுத்து, அதன் இடத்தில் வலுக்குறைந்த ஒன்றை வைத்தது, எல்லாம் சேர்ந்து வீட்டுரிமையைச் சமமாக அனுபவிப்பதற்கு ஊறு. உள்நாட்டில் பரிகாரம் கிடைக்காமல் போனது தனி மீறல்.

தீர்மானங்களை எழுதும் குமாஸ்தாக்கள் உலகம் முழுக்கப் படிக்க வேண்டிய பத்தி அது. ஏழைகளின் வீடு எந்த ஊரிலும் கடைசிப் படியில் தடுக்கப்படுவது அபூர்வம். அது கோப்பிலேயே, ஆரம்பத்திலேயே, 'மறுபரிசீலனைக்கு' என்ற முத்திரையோடு நின்றுபோகும்.

மனு கொடுக்கும் உரிமையைப் பற்றி ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கவே கூடாதா? அந்தச் சுற்றுக்கு நான் வரவில்லை. மனுவைப் பெற்றுக்கொள்வதும் பரிசீலிப்பதும் ஒன்று, அது சொன்ன காரணத்தையே தன் காரணமாக எடுத்துக்கொள்வது வேறு. கவுன்சிலுக்கு முன்னால் அந்த இரண்டுக்கும் நடுவே ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் 1,800 பேரிடம் யாராவது போய்க் கேட்டார்களா என்பது குறித்து ஆவணத்தில் ஒரு வரியும் இல்லை.

பரிகாரம்

குழு பணம் எதையும் விதிக்கவில்லை, வீடு கட்டிக்கொடு என்றும் உத்தரவிடவில்லை. முதல் தீர்மானம் நிறைவேறியபோது மனுதாரர்கள் எந்த நிலையில் இருந்தார்களோ அந்த நிலைக்கு அவர்களை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றது. முடிவை ஸ்லோவாக் மொழியிலும் பரவலாக வெளியிட வேண்டும், எடுத்த நடவடிக்கையை 90 நாளில் தெரிவிக்க வேண்டும். சட்டப்படி இது சரியான பரிகாரம். ஆனால் 2002 மார்ச் 20 அன்று அவர்கள் இருந்த நிலை என்ன? குடிசைதான், கூடவே ஒரு தீர்மானம். மூன்று வருஷம் போராடி வென்றது அந்தக் காகிதத்தை.

அதற்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் சுவர்கள் எழும்பிக்கொண்டுதான் இருந்தன. 2009இல் ஒஸ்த்ரோவானி கிராமம் ரோமா குடியிருப்புக்கும் ஊருக்கும் நடுவே சுவர் கட்டியது. 2013இல், கோஷிட்சே நகரம் ஐரோப்பாவின் கலாச்சாரத் தலைநகராகக் கொண்டாடப்பட்ட அதே வருஷம், அங்கேயும் ஒன்று. வாகன நிறுத்தம் காரணம் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கலாச்சார ஆணையர் அந்துருல்லா வாசிலியு, சுவரை இடிக்கச் சொல்லி மேயருக்குக் கடிதம் எழுதினார்.

டோப்ஷினா பற்றி ஸ்லோவாக் அரசு ஐ.நா. குழுவுக்குப் பதில் அனுப்பியது. முடிவு மொழிபெயர்க்கப்பட்டு நகராட்சிகளுக்கும் பிற அமைப்புகளுக்கும் அனுப்பப்பட்டது என்றது. நகரக் கவுன்சில் மறுபடி கூடி இரண்டு தீர்மானங்களையும், அதாவது வீடு கட்டலாம் என்றதையும் வேண்டாம் என்றதையும், ரத்து செய்துவிட்டது. குறைந்த செலவு வீடுகள் பற்றி உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. ரோமா மக்களின் வீட்டுப் பிரச்சினையைக் கவுன்சில் இனிமேல் கவனமாகப் பரிசீலிக்கும் என்று அந்தப் பதில் முடிந்தது.